ஒட்டுப்பால் சதுரம்

ஒரே ஒரு சதுரம் மட்டும் மாறவில்லை.

சுங்கை காப்பூர் தோட்டத்தின் புதிய வரைபடத்தை லோகேஸ்வரி மத்தியானமே வெளியிட்டிருந்தாள். செம்பனை வரிசைகள், லாரிப் பாதை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளின் தகரக் கூரைகள் எல்லாம் மழையில் கழுவி எடுத்ததுபோல் திரையில் தெளிவாகத் தெரிந்தன. அவள் உட்கார்ந்திருந்த பழைய தோட்ட ஆபீசுக்குப் பின்னால், ஒட்டுப்பால் என்கிற காய்ந்த ரப்பர் பாலை வைக்கும் ஸ்டோர் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ அப்பிக்கிடந்தது. ஓரங்களில் மஞ்சள் பூத்து, நடுவில் சுருக்கம் விழுந்து, புண்ணின் மேல் படிந்த பொருக்கு மாதிரி. பார்த்ததும் குமட்டலுக்கு முன்னால் வாயில் ஊறுகிற அந்த எச்சில் அவளுக்கு ஊறியது.

டிரோன் எடுத்துவந்த மூலப்படத்தைத் திறந்து பார்த்தாள். அங்கே வெறும் சிமெண்டுத் தரை.

மூலத்தில் இல்லாதது வரைபடத்தில் வருவதொன்றும் அதிசயமில்லை. யாராவது கேட்கும்போதெல்லாம் முழுத் தோட்டத்தையும் புதிதாக வரைந்து கொடுப்பதென்றால் சர்வர் திணறிப்போகும். அதனால் படத்தை முன்கூட்டியே சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி அடுக்கி வைத்துக்கொள்கிறது. எந்த இடத்தைக் கேட்கிறார்களோ அந்தச் சதுரத்தை எடுத்து நீட்டுகிறது. அந்த அடுக்குக்குப் பெயர்தான் கேச். படத்தை மறுபடி வெளியிடும்போது பழைய சதுரங்களை அழித்துவிட்டுப் புதிதாக வெட்ட வேண்டும். ஒன்று தப்பிவிட்டால், புதுப் படத்தின் நடுவே அது சொத்தைப் பல்லாக நிற்கும்.

தப்பித்தது எங்கே என்று ஒவ்வொரு இடமாகத் தேடினாள். பிரவுசர் தன் பங்குக்குப் பழைய சதுரத்தைப் பதுக்கி வைத்திருக்கலாம், அதைத் துடைத்தாள். கைப்பேசியில் பார்த்தாள். அங்கேயும் அதே பொருக்கு. அப்படியானால் சர்வரிலேயே இருக்கிறது. எதையும் அழிப்பதற்கு முன் நகல் எடுத்து வைப்பது அவள் வழக்கம். எடுத்து வைத்தாள். பிறகு அந்தச் சதுரத்தை அழித்து, புதிதாக வெட்டச் சொன்னாள்.

பொருக்கு போய்விட்டது. அதன் இடத்தில் ஈரமாக, பளபளவென்று, கெட்டியான வெள்ளை. அது பக்கத்துச் சதுரத்துக்குள்ளும் வழிந்திருந்தது.

அப்போதுதான் நாற்றம் வந்தது. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையில் கட்டிவைத்த ஒட்டுப்பால் மழையில் ஊறி, புளித்து, அழுகி, உடுப்பிலும் தலைமுடியிலும் ஏறி, குளித்தாலும் சோறு தின்கிற விரலில் மிஞ்சுமே, அந்த நாற்றம். ஆனால் இந்தத் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுப் பல வருடங்களாகிவிட்டன. ஸ்டோரையும் இடித்தாயிற்று.

நீலாய் டவுன் ஆபீசிலிருந்த ரவிச்சந்திரனை அழைத்தாள். அவர்தான் அவளுக்கு மேலே.

"அண்ணே, ஒரு சதுரம் அடம் பிடிக்குது. வெட்டுனா பக்கத்துல பரவுது."

"பரவுறதுக்கு அது என்ன சொறியா, லோகேஸ்? முழுசா அழிச்சிட்டு முழுசா வெட்டு லா. காலையில மீட்டிங்ல லயத்து ஆளுங்களுக்கு இதக் காட்டணும்."

"இங்க ஒரே நாத்தம்ணே."

"மதியம் டுரியான் பழம் தின்னியா?" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அவர் சொன்னதில் தவறில்லை. புத்தகத்தில் இருப்பதும் அதுதான். முழுக் கேச்சையும் அழித்து, வெட்டும் வேலையை முடுக்கிவிட்டாள். வெட்டப்படும் இடத்தைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு வரைபடத்தின் மேல் மெல்ல ஊர்ந்தது. முதலில் ஸ்டோர். பிறகு நிறுவைக் கொட்டகை. பிறகு லயத்துப் பாதை. வெட்டி முடித்த ஒவ்வொரு சதுரத்திலும் வெள்ளை வழிந்து அடுத்ததைத் தொட்டது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பின்கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சொட்டும் சத்தம் கேட்டது. மழைத்துளி அப்படி விழாது. கனமாக, கஞ்சி விழுவதுபோல், தொப், தொப் என்று.

கைப்பேசி அடித்தது. ஆபீசைக் கூட்டிப் பெருக்கும் மங்கம்மா. லயத்தின் முதல் வீடு அவளுடையது. அவள் புருஷன் தேவன் வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

"லோகேசு, நம்ம வீட்டுச் சுவத்துல பால் வழியுதும்மா."

"என்ன பால்க்கா?"

"மரத்துப் பால்தான். ஆனா சுடுது. உள்ள முடி கெடக்கு, தோலு மாதிரி என்னமோ கெடக்கு. தொடைக்கத் தொடைக்க வருது. கட்டில் கால நனைச்சிருச்சு. இவரத் தூக்க முடியலம்மா, யாரையாச்சும் அனுப்பு."

லோகேஸ்வரி திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு லயத்தின் முதல் கூரையை எட்டியிருந்தது. அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கினாள். வெள்ளைக்கு நடுவே ஒரு கீறல். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும் கீறல். பால் வெட்டும் உளியின் சரிவு.

பள்ளி விடுமுறைகளில் அம்மாவுடன் பால் வெட்டப் போனவள் அவள். வெட்டுக்கோட்டில் நேற்றைய பால் காய்ந்து நாடாவாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உரித்துக் கூடையில் போட வேண்டும். பட்டையை மெல்லியதாக ஒரு சீவு சீவ வேண்டும். சீவினால் வழியும். உரிக்காமல் விட்டால் காய்ந்ததே மூடியாகி, உள்ளே இருப்பது உள்ளேயே நின்றுவிடும்.

அவள் உரித்திருந்தாள். அழித்து, வெட்டி, அழித்து, வெட்டி.

வேலையை நிறுத்தினாள். பச்சைக் கோடு நின்றது.

"அக்கா, இப்ப?"

"வருது. கொஞ்சமா வருது."

நகல் எடுத்து வைத்திருந்த பழைய சதுரத்தைத் தேடினாள். பொருக்குச் சதுரம். மஞ்சள் பூத்த, சுருங்கிய, குமட்ட வைக்கும் அந்தச் சதுரம். அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். அடுத்தடுத்த சதுரங்களில் நகலாக வைத்திருந்த போன வருடத்துக் கேச்சை அப்படியே போர்த்தினாள். இனித் தானாகப் புதுப்பிக்காதே என்று சர்வருக்குக் கட்டளையிட்டாள்.

"அக்கா, இப்பப் பாருங்க."

"நின்னுருச்சு," என்றாள் மங்கம்மா. "காயுதும்மா. சுவத்துல தோலாட்டம் காயுது. நீ என்னம்மா பண்ண?"

"தொடாதீங்கக்கா. உரிக்காதீங்க. அப்படியே விடுங்க."

லோகேஸ்வரி நிமிர்ந்தாள்.

ஆபீசும் காய்ந்துகொண்டிருந்தது. முதல் வெட்டு இந்தக் கட்டடத்தின் முதுகில் அல்லவா விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகளின் மேல் வெள்ளை இறங்கி, தேன் நிறமாகி, பழுப்பாகி இறுகியது. வாசற்கதவின் சந்துகளில் தடித்து நின்றது. தரையில் நாற்காலிக் கால்வரை வந்து ஆடை கட்டியிருந்தது. அதற்குள் முடி. நரைத்த முடி, கறுத்த முடி. நகம் போல ஒன்று.

கதவருகே போனாள். செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. மேசைக் கத்தியால் கதவோரத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டாள். உள்ளிருந்து சூடாக வழிந்தது. அவள் விரலில். மணிக்கட்டில்.

"ஐயோ, லோகேசு," என்றாள் மங்கம்மா. "மறுபடி வருதும்மா. அவரு தலமாட்டுல."

கத்தியைக் கீழே போட்டாள். கீறலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அழுகல் நாற்றம் வாய்க்குள்ளேயே ருசித்தது. ஓங்கரித்தாள். கையை எடுக்கவில்லை.

"அக்கா?"

"நின்னுருச்சு."

கை கதவோடு காய்ந்தது. மெல்லிய தோல் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியது. அதற்கு அடியில் ஏதோ துடித்தது. அவள் நாடி அல்ல, அதைவிட மெதுவாக.

இன்னொரு கையில் கைப்பேசி இருந்தது. மங்கம்மாவின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, கட்டைவிரலால் ரவிச்சந்திரனுக்கு எழுதினாள்.

"அண்ணே, சிக்கல் தீர்ந்தது. பழைய கேச்சைத் திரும்ப வைத்துவிட்டேன். யாரும் அதை அழிக்க வேண்டாம், மறுபடி வெட்ட வேண்டாம். காலையில் வந்தால் ஆபீஸ் கதவைத் திறக்க வேண்டாம்."