நீட்டிப் படுக்க மறுத்தவள்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று யார் விதி எழுதினார்களோ தெரியவில்லை. தாராவியில் அது பட்டப்பகலில், சாப்பாட்டு வேளையில் வந்தது.

கோகிலவாணி அந்தப் பழைய தோல் கிடங்கின் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தபோது வெளியே ஆகஸ்ட் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோல் வியாபாரம் எப்போதோ போய்விட்டது. உப்பும் கொழுப்பும் கலந்த வாடை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. பின்பக்கச் சன்னலுக்கு வெளியே ஒரு பெரிய குழி தெரிந்தது. அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய குழி. அதன் அடியில், கரிய சேற்றுக்குள் கிடைத்த எலும்புக்கூடு இப்போது கிடங்கு மேசையின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடந்தது.

பழைய எலும்புகளைப் பார்த்து, அவை யாருடையவை, எந்தக் காலத்தவை, எப்படி வாழ்ந்தவை என்று சொல்வதுதான் அவள் வேலை. மாட்டுங்காவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நாளெல்லாம் நாற்காலியில் குனிந்து செய்கிற வேலை. அதற்குப் பரிசாக நாற்பது வயதுக்குள் இடுப்பில் பெல்ட் ஏறிவிட்டது. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

உள்ளே காத்திருந்தவன் சுரேந்திரன். கட்டடக் கம்பெனியின் மேனேஜர், செம்பூர்க்காரன். சட்டையில் ஒரு சொட்டு மழை படாமல் தாராவிக்குள் வந்துபோகத் தெரிந்தவன்.

"மேடம், சிம்பிள் மேட்டர். கொலை கேஸ் இல்லைன்னு போலீஸ் சொல்லியாச்சு. நீங்க இது ஒண்ணும் பழசு இல்லைன்னு சொல்லிட்டா, சாயங்காலமே தேவ்நார் குப்பைமேட்டுக்கு அனுப்பிருவேன். பழசுன்னு சொன்னீங்க, சர்க்கார்காரன் வந்து வேலையை பந்த் பண்ணிருவான்."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்களும் அம்மாவும் இருக்கிறது மாடி ரூம்தானே? இந்த வீடெல்லாம் இடிச்சு மாத்து வீடு குடுக்கிறப்போ, மாடி ரூம்காரங்களுக்கு இங்க இடம் கிடையாது. ரெண்டு பேரையும் எங்கயாவது தூரமா தூக்கிப் போட்டுருவாங்க. நான் நினைச்சா இங்கயே வீடு. சோச் லோ, யோசிச்சுக்கோங்க மேடம்."

தூக்கிப் போடுவார்கள் என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வீடு என்ற ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் யார் வாயும் அடங்கித்தான் போகும்.

அவன் சாக்கு எடுத்துவரப் போனான்.

அவள் வழக்கப்படி எலும்புகளை மேசையில் பரப்பினாள். மண்டையோடு ஒரு முனையில், பாதம் மறுமுனையில், ஆளை நீட்டிப் படுக்க வைத்தாற்போல. பெண்தான். அகன்ற தாடை. நமக்கெல்லாம் இடமில்லாமல் பிடுங்கி எறிகிற கடைசிக் கடைவாய்ப்பல்கூட அதில் வரிசையாக நின்றிருந்தது. கல்லில் அரைத்த தானியத்தோடு மணலையும் மென்று பற்கள் மழுங்கியிருந்தன. கை எலும்பைத் தூக்கியதும் அசந்துபோனாள். என்ன கனம்! அரைத்து அரைத்துத் திரண்ட கை. கணுக்கால் எலும்பின் முன்பக்கத்தில் வழவழவென்று ஒரு தேய்மானம் இருந்தது. நாற்காலியையே அறியாமல், ஆயுள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர்களுக்கு வருகிற அடையாளம்.

பழசுதான். பல ஆயிரம் வருடம் இருக்கும். இங்கே முன்பு வெறும் சேறுதான், மனிதவாடையே இல்லை என்று கம்பெனி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. இவள் அந்தச் சேற்றங்கரையில் குடும்பம் நடத்தியிருக்கிறாள். மனிதர்கள் ஓடி அலைவதை விட்டார்கள், பிறகு தரையையும் விட்டார்கள், எலும்பு இளைத்துக்கொண்டே வந்தது. கோகிலவாணி தன் மணிக்கட்டை அந்தக் கையோடு வைத்துப் பார்த்தாள். தீக்குச்சி மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது.

அளவு நாடாவை எடுக்கப் பைக்குத் திரும்பினாள்.

டக்.

திரும்பிப் பார்த்தாள். மேசையில் கால் எலும்புகள் மடங்கியிருந்தன. முழங்கால்கள் விலா எலும்பை ஒட்டி ஏறியிருந்தன.

மேசை ஆடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி நீட்டி வைத்தாள். ஷட்டர்வரை போய் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

டக். டக்.

மறுபடியும் மடங்கியிருந்தது. இந்த முறை முதுகெலும்பும் வளைந்து, மண்டையோடு அவள் பக்கம் திரும்பியிருந்தது.

கரண்ட் போயிற்று.

தோல் வாடை மறைந்து வறுத்த தானியத்தின் மணமும் சேற்று மணமும் எழுந்தன. குழியின் பக்கமிருந்து சத்தம் வந்தது. கல்லின் மேல் கல் உரசுகிற சத்தம். நிதானமாக, விடாமல். கிரைண்டர் வாங்குவதற்கு முன் அம்மா இட்லிக்கு ஆட்டிய அதே தாளம்.

அவள் ஷட்டரைப் பார்த்தாள். ஓடிவிட நினைத்தாள்.

தோளில் ஒரு கை விழுந்தது.

காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. அது அடிக்கவில்லை, நெரிக்கவில்லை. கீழே அழுத்தியது, அவ்வளவுதான். இடுப்பு பெல்ட் பட்டென்று தெறித்தது. முழங்கால் மடங்கியது, குதிகால் தரையில் பதிந்தது. வருடக்கணக்காகச் செய்யமுடியாத ஒன்றை அவள் உடம்பு செய்தது. துளி வலி இல்லை.

பக்கத்தில் வேறொரு மூச்சு கேட்டது.

எத்தனை நேரம் அப்படி இருந்தாளோ. பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கும் அடியிலிருந்து கோபம் பொங்கி வந்தது. அந்தக் கூடையின் மேல், சுரேந்திரனின் நனையாத சட்டையின் மேல், வாயடைத்து நின்ற தன் மேல்.

"இரு," என்று முணுமுணுத்தாள். "நீ இங்கனயே இரு. ஒன்ன யாரு தூக்கிப் போடுதான்னு நானும் பாக்கேன்."

தோளில் கனம் நீங்கியது.

சுரேந்திரன் சாக்கோடு வந்தான். "என்ன மேடம், கீழ உக்காந்திருக்கீங்க? முடிஞ்சுதா?"

அவள் எழுந்தாள். "பழசு. ரொம்பப் பழசு. அப்படித்தான் சொல்லப்போறேன்."

"அப்போ வீடு?"

"வீட்டை விட்டு எங்கம்மாவும் போகமாட்டா, நானும் போகமாட்டேன். இவளும் போகமாட்டா."

"பாகல் ஆயிட்டீங்களா? பைத்தியமா?" அவன் அவளை ஒதுக்கிவிட்டு, மண்டையோட்டை எடுக்கக் குனிந்தான்.

முழங்கால்கள் படபடவென்று முறிந்தாற்போல் சத்தம் கேட்டது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முதலில் சிரித்தான். எழப் பார்த்தான். முடியவில்லை.

"மேடம்... என் தோளை யாரு அமுக்குறது?"

அவன் பின்னால் யாரும் இல்லை.

கல் சத்தம் இப்போது கிடங்குக்குள்ளேயே கேட்டது.

"எடுக்கலை! நான் எடுக்கலை!" சாக்கை விட்டெறிந்தான். அடுத்த நொடி கால்கள் விடுபட்டன. ஷட்டருக்கு அடியில் நாலுகாலில் தவழ்ந்து மழைக்குள் ஓடினான்.

வேலை நின்றது. அரசாங்கத்து ஆட்கள் வந்து குழியைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். முடிவாகும்வரை எலும்புகள் கிடைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று கோகிலவாணி ஒற்றைக்காலில் நின்றாள். சேற்றுக்குள் இறங்கித் தன் கையாலேயே வைத்தாள், முழங்காலை மடக்கி.

கிடங்கில் நடந்ததை அவள் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

அடுத்த மாதம் ஒரு மதியம் மாற்று வீட்டுக் கணக்குக்காகக் கம்பெனி சார்பில் வீட்டுக்கு வீடு தலை எண்ண வந்தார்கள். அவர்கள் வீட்டு இரும்பு ஏணியில் கைத்தடியோடு ஏறி வந்தவன் சுரேந்திரன். கணுக்கால் வலி என்று எக்ஸ்ரே எடுத்தானாம். சின்ன வயசிலிருந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்தவரா என்று டாக்டர் கேட்டாராம். ஆள் வாடியிருந்தான். கோகிலவாணியின் முகத்தைப் பார்க்காமல் வாசலிலேயே நின்றான்.

உள்ளே அவள் அம்மா முப்பிடாதியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ரூம்ல எத்தனை பேரும்மா?"

"மூணு பேரு," என்றாள் முப்பிடாதியம்மாள், தலையை நிமிர்த்தாமலே.

கோகிலவாணி திடுக்கிட்டாள். "எம்மா, நீயும் நானும் ரெண்டு பேருதான?"

"மூணுன்னா மூணுதான். மாவு ஆட்டும்போதெல்லாம் எங்கூடத்தான இருக்கா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டா, பாவம்." மாவுக் கரண்டியால் தன் பக்கத்துத் தரையைக் காட்டினாள். "இந்தா இருக்கால்லா. நாங்க யாரும் எங்கயும் போறதா இல்ல. எழுதுய்யா."

உலர்ந்த சிமெண்டுத் தரையில் கரிய சேற்றில் இரண்டு பாதச்சுவடுகள் பக்கம் பக்கமாகப் பதிந்திருந்தன. விரல்கள் செருப்பையே காணாத பாதம்போல் அகல விரிந்திருந்தன. வாசலிலிருந்து அங்கே நடந்துவந்த தடம் எதுவும் இல்லை.

சுரேந்திரனின் முழங்கால்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூன்று என்றே எழுதினான்.

அந்தச் சுவடுகளின் குதிகாலில் சேற்றுநீர் இன்னும் கொஞ்சம் கசிந்தது. யாரோ நன்றாக அமர்ந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி.