டைமிங் லைட் வெளிச்சத்தில்

எரியோட்டுக்கு அப்பால் ரிசார்ட் முதலாளி ஆனந்த்ராஜ் வெட்டிய குளத்துக்கு ஜெரோம் மறுபடியும் வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை வெயில் சாய்ந்திருந்தது. சுற்றிலும் முருங்கைத் தோப்பு, காய்ந்த சோளத்தட்டை, நடுவே ரிசார்ட் என்று ஒரு பலகை. குளத்தோரத் தகரக் கொட்டகைக்குள் படகு கட்டிக் கிடந்தது. ஸ்கூட்டரிலிருந்து இறங்கவே அவருக்கு அலுப்பாக இருந்தது. திண்டுக்கல்லில் ஜீப் எஞ்சின் பார்க்கிற மனுஷனைப் படகு பார்க்கக் கூப்பிட்டவனைச் சொல்ல வேண்டும். வந்த தன்னையும் சொல்ல வேண்டும்.

ஆனந்த்ராஜ் அந்தப் படகை எங்கோ ஓர் அணையிலிருந்து பழையதாக வாங்கி வந்திருந்தார். வந்த அன்று டிரெய்லர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். படகுக்கு எங்கே சக்கரம் இருக்கிறது என்று காவல்காரன் சோலைமுத்து அப்போதே முனகினான். அதன் பெட்ரோல் எஞ்சின் பின்னால் தொங்குவதில்லை. படகின் வயிற்றுக்குள் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டர் மட்டும் காணோம். ஜெரோம் ஜீப்பினுடையதை மாட்டி, பெட்ரோல் குழாயையும் புதிதாகப் போட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பிப் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சரியாக வைத்துவிட்டுப் போவார். மறுநாள் வந்து பார்த்தால் டிஸ்டிரிபியூட்டர் திரும்பியிருக்கும்; எஞ்சின் இருமிவிட்டுச் செத்துப்போகும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் போல்ட் முறுக்கிய முறுக்கில் அப்படியே இருக்கும். அதுதான் அவருக்கு விளங்கவில்லை.

நாளைக்குக் கட்டாயம் ஓடியாக வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்கள் தெருவின் அன்பியம் என்கிற ஜெபக்குழுக் குடும்பங்கள் வேன் பிடித்து இங்கேதான் சுற்றுலா வருகின்றன. மனைவி அமலராணி தக்காளி சாதத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். முதல் ட்ரிப்பில் நான்தான் ஏறுவேன் என்று மகள் நான்சி தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"தார்ப்பாய இறக்கி விடு சோலைமுத்து. வெளிச்சத்துல டைமிங் லைட்டு தெரியாது."

கொட்டகை இருண்டது. பாசி வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்தன.

"அண்ணே, நான் வெளிய நிக்கிறேனே."

"அப்பறம் சாவியத் திருப்புறது யாரு, உன் மாமனாரா?"

எஞ்சின் பிடித்தது. முதல் பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு தடவையும் டைமிங் லைட் வெட்டும். அந்த வெட்டில், சுற்றுகிற புல்லிச் சக்கரம் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அதில் போட்ட வெள்ளைக் கோடு குறிக்கு நேரே நின்றால் வேலை முடிந்தது. ஜெரோம் டிஸ்டிரிபியூட்டரை இம்மி திருப்பினார். கோடு குறியில் நின்றது. போல்ட்டை முறுக்கிவிட்டு, அப்பாடா என்று மூச்சு விட்டார்.

கோடு நகர்ந்தது.

லைட்டை மேலே திருப்பினார்.

டிஸ்டிரிபியூட்டரின் மேல் ஒரு கை இருந்தது.

வெட்டுக்கு வெட்டு மட்டும் தெரிந்தது. இடையில் இருட்டு, வெறும் இரும்பு. தோல் கருகிச் சுருண்ட நான்கு விரல்கள், கட்டைவிரல் இல்லை. அவசரமே இல்லாமல், தொழில் தெரிந்த கையாக அது டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தது. முடி பொசுங்கிய வாடை வந்தது.

எஞ்சின் இருமி நின்றது. லைட்டும் நின்றது.

"பாத்துட்டீங்களாண்ணே?" சோலைமுத்து முணுமுணுத்தான்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மொதலாளி சொல்லக்கூடாதுன்னாரு. படகு வந்தப்ப உள்ள பூராம் கரி. நாந்தேன் தேச்சுக் கழுவுனேன். அந்த அணையில ஓட்டுன ஆளு, பெட்டிய மூடிட்டு சாவியத் திருப்பியிருக்காரு, குப்புன்னு பத்திக்கிச்சு. அம்புட்டுத்தேன்."

ஜெரோம் லைட்டைக் கீழே வைத்தார். குனிந்து பெட்டிக்குள் கையை ஊன்றினார். ஈரம். முகர்ந்தால் பெட்ரோல். அவர் போட்ட குழாயின் கிளிப்பில்தான் சொட்டிக்கொண்டிருந்தது. ஜீப்பாக இருந்தால் ஒழுகியது தரைக்குப் போகும், ஆவி காற்றோடு போகும். படகில் அது எங்கே போகும்? அடியிலேயே தேங்கிக் கிடக்கிற ஆவிக்கு மேலே, பொறி பறக்கிற ஜீப் சாமானைக் கொண்டுவந்து அவரே உட்கார வைத்திருக்கிறார். தண்ணீரே பார்க்காத ஊர் மெக்கானிக் செய்கிற தப்பு. நாளைக்கு நான்சி ஏறியதும் பெட்டியை மூடியிருப்பார்கள்.

அந்தக் கை கெடுக்க வரவில்லை, தடுக்க வந்திருக்கிறது என்று நினைத்தார்.

டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் அளவுச் சாமான்தான். அது இல்லாமல் எந்தப் பிளக்குக்கும் பொறி போகாது. எஞ்சின் தேறாது, நாளைக்குப் படகு கிடையாது என்று ஆனந்த்ராஜிடம் போனில் சொன்னார். அவர் கத்தியதைக் கடைசிவரை கேட்கத் தெம்பில்லாமல் வைத்துவிட்டார்.

ஞாயிறு பூசையில், பெயர் தெரியாத அந்த ஆன்மாவின் இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொண்டார். ரோட்டரை ஞாபகமாகப் புதுச்சட்டைப் பைக்கு மாற்றியிருந்தார். ஆனந்த்ராஜ் வேறு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

குளத்தங்கரை வேம்படியில் தக்காளி சாதம் பரிமாறினார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குச் சோறு ருசித்தது. தூங்காத கண் சொக்கியது. செத்த நேரம் மரத்தில் சாய்ந்தார்.

எஞ்சின் சத்தம் கேட்டது.

இருமல் இல்லை, பிசிறு இல்லை. கோடு குறியில் நின்றால்தான் அந்தச் சத்தம் வரும்.

கொட்டகையின் தார்ப்பாய் சுருட்டி மேலே ஏற்றியிருந்தது. வாசலில் நான்சி நின்றாள். அவளுக்குப் பின்னால் அன்பியத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசை கட்டியிருந்தார்கள்.

"அப்பா, போட்டு ரெடியாயிருச்சு. உள்ளருந்து கூப்பிடுறாங்க."

"யாரும்மா?"

"தெரியல. கை மட்டுந்தான் தெரியுது."

ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பிள்ளைகளைப் பின்னால் தள்ளினார். இத்தனை நாளும் அது யாரையும் காப்பாற்றவில்லை, ஆள் சேரட்டும் என்று காத்திருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மார்பில் சுரீரென்றது. புதுச்சட்டை பொசுங்கிக்கொண்டிருந்தது.

பைக்குள் ரோட்டர் சுற்றிக்கொண்டிருந்தது.