குகதாசன் கட்டிய இணைப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தாட்சாயினி பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வவுனியாவில் ஒரு சிறிய கொம்பியூட்டர் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. பழுதாகிப்போன சேர்வர்களைத் திருத்துவதற்காக வாரத்தில் மூன்று நாளாவது எங்காவது பயணம்.

அரிசி ஆலை முதலாளி தயாபரன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கனிவான குரல்.

"வாங்கோ தங்கச்சி. ரெண்டு நாளா எங்கட சைட் செத்துப்போய்க் கிடக்கு. நெல்லுக் கொண்டுவாற சனம் பதியேலாமல் என்னைப் பேசுதுகள்."

ஆலை முல்லைத்தீவு வீதியில் இரண்டு கிலோமீற்றர் உள்ளே இருந்தது. ஷெல் பட்ட பழைய சுவர்களைச் சீமெந்து பூசி மறைத்திருந்தார்கள். லீவு நாள் என்பதால் இயந்திரங்கள் ஓடவில்லை. முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தவிர ஆட்கள் இல்லை. அவித்த நெல்லின் புளித்த வாசம் எங்கும் நின்றது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

மயிர் கருகிய வாசம்.

சேர்வர் அறை, நெல் அவிக்கும் உமி அடுப்புக்குப் பின்புறச் சுவரை ஒட்டியிருந்தது. மேசையில் இரண்டு பெட்டிகள். ஒன்று வெப் சேர்வர், வெளியில் இருந்து வரும் கேள்வியை வாங்குவது. மற்றது அப்ளிகேஷன் சேர்வர், பதிலைத் தேடிக் கொடுப்பது. ஆலையின் கமராப் பதிவுகளும் அதற்குள்தான். இரண்டையும் இணைக்கும் சிறிய இணைப்பி வெப் சேர்வருக்குள் இருக்கிறது. அது ஓடுவதற்கு வேறு சில லைப்ரரிக் கோப்புகள் வேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் வெப் சேர்வர் எழும்பாது.

தாட்சாயினி அதை ஓடவிட்டுப் பார்த்தாள். இணைப்பியைத் திறக்க முடியவில்லை, கோப்பு இல்லை என்று பதில் வந்தது. ஆனால் இணைப்பி அதற்குரிய இடத்தில்தான் இருந்தது. அப்படியென்றால் இல்லாமற்போனது அது அல்ல, அது தேடுகிற ஏதோ ஒன்று. இணைப்பி எந்தெந்த லைப்ரரிகளைக் கேட்கிறது என்று பட்டியல் எடுத்தாள். பதினொரு வரிகள். பத்துக்கு நேரே பாதை இருந்தது. ஒன்றுக்கு நேரே மட்டும் "காணவில்லை" என்றிருந்தது. அந்தக் கோப்பு குகதாசன் என்பவருடைய போல்டரில் இருந்திருக்க வேண்டும்.

"அண்ணை, ஆர் இந்தக் குகதாசன்?"

வாசலில் நின்ற தயாபரன் திரையை எட்டிப் பார்த்தார்.

"முந்தி இஞ்ச கொம்பியூட்டர் பாத்தவன். கட்டாருக்குப் போயிட்டான்."

"அவற்ற போல்டரை ஆரோ அழிச்சிருக்கினம். அவர் தானாச் செய்த லைப்ரரி ஒண்டு அதுக்கை இருந்திருக்கு. அதாலதான் சைட் விழுந்தது."

"நான்தான் அவன்ர கணக்கோட சேத்து அழிச்சனான். போனவன்ர சாமான் எங்களுக்கு என்னத்துக்கு? வேற வழியாலை செய்யேலாதோ?"

"ஏலும். கொஞ்சம் நேரம் எடுக்கும்."

அவருடைய போன் அடித்தது. கதைத்துக்கொண்டே வெளியே போனார். தாட்சாயினி டிஸ்க் முழுவதும் தேடினாள். அந்தப் பெயரில் எதுவும் மிச்சமில்லை. முதுகுப் பக்கத்துச் சுவர் சுட்டது.

முற்றம் கூட்டிய பெண் பிளேன்ரீ கொண்டுவந்தாள். பெயர் சிவலட்சுமி. அப்பா காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறிய குடும்பம்.

"அக்கா, அடுப்பு எரியுதோ?"

"இல்லிங்க மிஸ். வெள்ளிக்கிழமையே அணைச்சாச்சு."

கோப்பையை வைத்தவள் போகவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். குரலை இறக்கினாள்.

"அந்தக் குகதாசன் தம்பி எங்கயும் போகல மிஸ்."

"என்ன சொல்லுறியள்?"

"மெஷின் பெல்ட்டுக்கு மூடி இல்லாம, முடி சிக்கி இங்க ஒரு பொண்ணுக்குத் தலைத்தோலே உரிஞ்சு போச்சு. கமராப் படத்த தொழில் கந்தோர் அதிகாரிங்ககிட்ட குடுக்கப்போறேன்னு அந்தத் தம்பி சொன்னிச்சு. மறுநாள் வேலைக்கு வரல. அடுத்த கிழமை நான் சாம்பல் அள்ளுறப்போ..." அவள் மறுபடி வாசலைப் பார்த்தாள். "பல்லு வந்திச்சு மிஸ். ரெண்டு பல்லு."

தாட்சாயினி தேநீரைக் கீழே வைத்தாள்.

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"எம்மவனும் இங்கதான் மூட்டை தூக்குறான்."

சிவலட்சுமி போன பிறகு தாட்சாயினி தன் லப்டொப்பை மூடப் போனாள். எழும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் கை பழக்கத்தில் மறுபடி அந்தப் பட்டியலை எடுத்தது.

பதினொரு வரிகள். பதினொன்றுக்கும் பாதை இருந்தது.

கோப்பின் விபரத்தைப் பார்த்தாள். உருவான நேரம் அன்றைய பகல் பன்னிரண்டு ஏழு. இரண்டு நிமிடத்துக்கு முன். உரிமையாளர், குகதாசன். அழித்துவிட்ட கணக்கு என்றால் அங்கே வெறும் எண் மட்டும்தான் தெரிய வேண்டும்.

பெயரே தெரிந்தது.

அவள் எதையும் தொடவில்லை. வெப் சேர்வர் தானாக எழும்பியது. அப்ளிகேஷன் சேர்வரோடு இணைந்துவிட்டதாக ஒரு வரி ஓடியது. லப்டொப்பில் ஆலையின் பக்கம் திறந்தது. நெல் பதியும் படிவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீடியோ ஓடத் தொடங்கியது.

உமி அடுப்பின் முன்னால் ஓர் இளைஞன் முழங்காலில் இருந்தான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இரும்புக் கம்பியைத் தூக்கினார். முதல் அடியிலேயே அவன் சரிந்தான். கம்பி நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, நாலு, ஏழு. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லாமற் போனது. பிறகு அவர் அவனைக் காலில் பிடித்து அடுப்பு வாய்க்குள் தள்ளினார். பாதி உள்ளே போனபோது அந்த இளைஞனின் கை அசைந்தது. அடுப்பின் விளிம்பைப் பிடித்தது.

உயிர் இருந்திருக்கிறது.

"வடிவாப் பாத்திட்டீரோ?"

தயாபரன் அவளுக்குப் பின்னால் நின்றார். குரலில் கனிவு மாறவே இல்லை. நெட்வேர்க் வயர் அவள் கழுத்தைச் சுற்றி இறுகியது. கதிரை கவிழ்ந்தது. அவள் உதைத்தாள், நகத்தால் அவர் கையைக் கிழித்தாள். வயர் தோலுக்குள் இறங்கியது. கண் இருட்டியது.

அப்போது ஆலை ஓடத் தொடங்கியது.

ஆளில்லாத ஆலையில் எல்லாப் பெல்ட்டுகளும் ஒரே நேரத்தில் சுழன்றன. தரை அதிர்ந்தது. தயாபரனின் பிடி தளர்ந்தது.

"ஆர்? ஆரடா மோட்டரைப் போட்டது?"

சுவரில் பூசிய சீமெந்து வெடித்தது. ஷெல் துளை ஒன்று திறந்தது. அதற்குள்ளால் ஒரு கை வந்தது. கரிக்கட்டை போன்ற கை. வெடித்த தோலுக்குள் சிவப்பு மினுங்கியது. அது தயாபரனின் தலைமயிரைப் பிடித்துச் சுவரோடு அறைந்தது.

மறுபடி அறைந்தது.

மூக்கு எலும்பு முறியும் சத்தம் தாட்சாயினிக்குக் கேட்டது. அவருடைய பற்கள் தரையில் சிதறின. அவர் எப்படியோ மயிரை அறுத்துக்கொண்டு வாசலால் ஓடினார். அவள் இருமிக்கொண்டே தவழ்ந்து வெளியே வந்தாள்.

அங்கே எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தயாபரனை ஏதோ ஒன்று இழுத்தது. மூடியில்லாத பெல்ட் அவருடைய வலக்கையை வாங்கி முழங்கையோடு பிடுங்கி எறிந்தது. இரத்தம் கூரைத் தகரத்தில் அடித்தது. அடுப்பின் கதவு தானாகத் திறந்தது.

"குகன்... டேய் குகன், என்னை மன்னிச்சிடடா..."

அவர் முதுகு தரையில் உரசிக்கொண்டே போனது. மிச்சமிருந்த கை அடுப்பின் விளிம்பைப் பிடித்தது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் மடிந்தன. ஒவ்வொன்றும் முறியும்போது அவர் கத்தினார்.

கதவு மூடியது. உள்ளே கத்தல் வெகு நேரம் கேட்டது.

சிவலட்சுமி ஓடிவந்து தாட்சாயினியைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினாள்.

பொலிஸ் வந்து அடுப்பைத் திறந்தபோது அது குளிர்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமைச் சாம்பல் அப்படியே இருந்தது. அதன் நடுவில் கிடந்த உடல் மட்டும் எலும்பு வரை கருகியிருந்தது. சிவலட்சுமி நீதவானிடம் தான் கண்ட எல்லாவற்றையும் சொன்னாள். அன்று சாம்பலில் எடுத்துத் தான் ஒளித்துப் புதைத்த இரண்டு பற்களையும் எடுத்துக் கொடுத்தாள். குகதாசனின் தாய் அவற்றை ஒரு சேலைத் துண்டில் வாங்கிக்கொண்டாள். கொலை வீடியோவைப் பொலிஸ் ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்தது.

மூன்று கிழமை கழிந்தது. கழுத்துக் கட்டோடு தாட்சாயினி வீட்டு அறைக்குள் இருந்தாள். பின்னேரம் நாலு மணி. பொலிஸ் நிலையத்திலிருந்து நேசமலர் என்ற பெண் பொலிஸ் போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கவேணும். அந்த வீடியோ எத்தினை நிமிசம்?"

"ஆறு நிமிசம் அக்கா. ஏன்?"

"இப்ப அது ரெண்டு மணித்தியாலம் காட்டுது. நாளுக்கு நாள் நீளுது. கடைசிப் பகுதியை இப்பதான் பாத்துக்கொண்டிருக்கிறன்." நேசமலர் மூச்சை இழுத்தார். "ஒரு அறை. பச்சை யன்னல் சீலை. ஒரு பிள்ளை கட்டில்ல இருந்து போன் கதைக்கிறா. கழுத்தில கட்டு."

தாட்சாயினி மெல்லத் தலையைத் தூக்கி எதிர்ச் சுவரின் உச்சியைப் பார்த்தாள்.

"இப்ப என்னைப் பாக்கிறியள் தங்கச்சி."

அந்தச் சுவரில் கமரா எதுவும் இருக்கவில்லை.