முதல் கைத் தண்ணீர்

“எங்க ஊர்த் தண்ணிய பேய்கூட குடிக்காது சார். வாயில ஊத்திப் பாக்கும், தூன்னு துப்பும். முந்தாநேத்து துப்புனது எல்லை தாண்டி கர்நாடகாவுல போய் விழுந்துச்சு. அங்க ரெண்டு தென்ன மரம் நின்ன இடத்துலயே பட்டுப் போச்சு!”

ஜீப்பிலிருந்து இறங்கிய சுரேந்தரை ஊர்ப் பெரியவர் முனிசாமி இப்படித்தான் வரவேற்றார். பகல் பதினோரு மணி. பாகலூரைத் தாண்டி, ரோஜாத் தோட்டங்களும் கம்பெனிச் சுவர்களும் மாறி மாறி வரும் ஊர் அது. பரிசோதனைக்காகக் குடிநீர் மாதிரி எடுக்க வந்த சுரேந்தர் பேயை நம்பாதவன். அவன் நம்பியது ஒரே ஒரு ஆளை, தன் மேலதிகாரியை. “ரிப்போர்ட் நல்லா வரணும்யா” என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் ஆபீஸ் கேன் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். எடுக்காத மாதிரிக்கு இவ்வளவு தூரம் டீசல் வேறு!

ஊருக்குப் பின்னால் முலாம் பூசும் கம்பெனி ஒன்று. வற்றிய போர்வெல்லில் கழிவை இறக்கி இறக்கி, பூமிக்கே முலாம் பூசிவிட்டார்கள். பதினோரு பேருக்குக் கிட்னி போயிற்று. கேட்கப் போனால், ‘நிரூபி’ என்றார்கள்.

டேங்க் ஆபரேட்டர் சென்றாயனுக்கு நிரூபிக்கத் தெரியாது, கைநாட்டு ஆள். பத்தொன்பது வருடம் தினமும் காலையில் வால்வைத் திறந்து, முதல் கைத் தண்ணீரைத் தானே குடித்துப் பார்த்து, “ம்... வுடலாம்” என்பார். அதற்கப்புறம்தான் யாரும் குடம் வைப்பார்கள். அந்த நாக்கை நம்பி ஊரே குடித்தது. விஷத்துக்கோ ருசியே இல்லை. போன சித்திரையில் சென்றாயன் செத்துப்போனார். மகள் அனிதா இப்போது வாரம் இரண்டு தடவை கிருஷ்ணகிரிக்கு டயாலிசிஸ் போகிறாள்.

பம்ப் ரூம் வாசலில் சென்றாயன் மனைவி மங்கம்மா குறுக்கே நின்றாள்.

“சார், நீங்க நல்ல தண்ணின்னு எழுதிட்டா இப்ப கவர்மெண்டு அனுப்பற லாரித் தண்ணி நாளைக்கே நின்னுரும். எம் பொண்ணு மறுபடி இதத்தான் குடிக்கணும். எழுதறதுக்கு முந்தி ஒரு கை குடிங்க. எம் புருசன் அப்படித்தான் செஞ்சாரு.”

“நான் டெஸ்ட் பண்றவம்மா. குடிக்கிறவன் இல்ல.”

“அதான் ஒங்க கிட்னி ஒங்ககிட்டயே இருக்குது.”

சுரேந்தர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே பாதி இருட்டு. துருவும் பழைய பேட்டரியும் கலந்த வாடை. பாட்டிலை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தான். படிவத்தில் ‘குடிக்க உகந்தது’ என்று எழுதினான். ஆபரேட்டர் கைநாட்டுக் கட்டம் காலியாக இருந்தது. தன் இடது பெருவிரலையே வைத்துவிடலாம் என்று மைப்பெட்டியைத் திறந்தான்.

கிரீச்.

வால்வு தானாகத் திரும்பியது.

சுவர்க் குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. தரையில் விழவில்லை. ஆள் நெஞ்சு உயரத்தில், அந்தரத்தில், குவித்த உள்ளங்கை அளவுக்குத் தேங்கியது. மஞ்சளாக இருந்தது.

பிறகு அது மேலே உயர்ந்தது.

மடக்.

சுரேந்தர் ஓடிப்போய்க் கதவை இழுத்தான். கதவு திறக்கவில்லை. அவன் காதோரம் யாரோ சப்புக்கொட்டி ருசி பார்த்தார்கள். ஜன்னல் மேடையில் பாட்டில் மூடி மெல்லச் சுழன்றது. பாட்டில் சாய்ந்தது.

மறுபடி, மடக்.

“இது எங்க ஊர்த் தண்ணி இல்லியே சார்” என்றது ஒரு கிசுகிசுப்பு. மரியாதையான குரல்தான். அதனாலேயே அவன் சுவரோடு பல்லியாய் ஒட்டிக்கொண்டான்.

தூ!

முகத்தில் அறைந்தாற்போல் விழுந்தது. படிவத்திலும் தெறித்தது. ‘உகந்தது’ என்ற எழுத்து அவன் கண்ணெதிரே அரித்து ஓட்டையானது. காலியான பாட்டில் நகர்ந்து குழாயடிக்குப் போய், நிரம்பி, தானே மூடிக்கொண்டது.

ஆபரேட்டர் கட்டத்தில் ஈரமாக ஒரு பெருவிரல் ரேகை. மஞ்சள் ரேகை.

கதவு திறந்தது. பாட்டிலும் ஈர முகமுமாய் வந்தவனைப் பார்த்து முனிசாமி பரவசமாகிப் போனார். “என்னா சார், கர்நாடகா வரைக்கும் போச்சா, பாதியிலயே நின்னுருச்சா?”

மங்கம்மா சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். அந்த ரேகையை முப்பது வருடமாக அறிந்தவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன் அடித்தது. மேலதிகாரி.

“என்னய்யா, நல்லா வந்துச்சா?”

“இல்ல சார். இங்க புடிச்ச தண்ணியத்தான் லேபுக்கு அனுப்பறேன். நம்ம கேன் தண்ணிய ஆபரேட்டர் ஒத்துக்கல.”

“எந்த ஆபரேட்டர்?”

“சென்றாயன் சார்.”

“யோவ், அந்தாளு செத்து எத்தினி மாசம் ஆவுது!”

சுரேந்தர் முகத்தைத் துடைத்தான். துடைத்த கை மஞ்சளானது. மறுபடி துடைத்தான். மறுபடி மஞ்சள்.

“தெரியும் சார். எம் மூஞ்சில துப்புனது அவருதான்.”