அத்தைக்கு மட்டும் தனிச் சட்டி

காலை 7.10. முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடியே அந்த அம்மாளின் உயிர் போயிருந்தது. வயது ஐம்பத்தெட்டு. ஆறே மாதத்தில் பாதியாக இளைத்த உடம்பு. கால்கள் மட்டும் வீங்கிக் கிடந்தன. வெளியே பல் கிட்டிப்போகும் குளிர். ஆனால் அவள் தலைமாட்டில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கணவர் இறைச்சிக்கூடத்தில் முப்பது வருடமாகக் கறி வெட்டுகிறவர். வாசலிலேயே இன்ஸ்பெக்டரை மறித்தார்.

"என் மருமக விஷம் வச்சுட்டா மேடம். சமைக்கிறது அவ. ஆனா ஒரு வாய் தொட மாட்டா. என் வீட்டுக்காரிக்குன்னு தனிச் சட்டி."

துருவித் துருவிக் கேட்பதால் இந்த இன்ஸ்பெக்டருக்கு நிலையத்தில் 'துருவல்' என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நேராகச் சமையலறைக்குப் போனார். மருமகள் இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு நின்றிருந்தாள். கணவன் கப்பல் வேலைக்குப் போனவன். ஆதரவுக்கு ஆள் கிடையாது.

"தனிச் சட்டி எதுக்கு?"

"எனக்குக் கறி வாடையே ஆகாது. மாமாவும் தொட மாட்டாரு. நாள் பூரா அதுலயே கெடக்குறவருக்கு எப்படி இறங்கும்? அத்தைக்கு மட்டுந்தான்."

"அவங்களை டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டினோம். ரத்தம் கம்மின்னு டானிக் எழுதினாரு. நல்லா சாப்பிடச் சொன்னாரு."

"இந்த மாத்திரை?"

"என்னோடது. எனக்குத் தைராய்டு கம்மியா சுரக்குது. காலையில ஒண்ணு."

மருந்துக்கடைச் சீட்டில் ஒன்றாம் தேதி, முப்பது மாத்திரை. இன்று பத்தொன்பது. அட்டையில் மீதி பதினொன்று. கணக்கு சரியாக இருந்தது.

கொல்லையில் ஒரு நாய், விலா எலும்பை எண்ணிவிடலாம் போல, மூச்சிரைக்கக் காலித் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குச் சோறு போடுறதில்லையா?"

"எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டல. அத்தை மாதிரியேதான். மாமா வேலையிலேருந்து கறிப் பையைக் கொண்டுவந்ததும் பச்சையாவே ஒரு துண்டு எறிவாரு."

பகல் 12.40. பிரேதப் பரிசோதனை டாக்டர் போனில் வந்தார்.

"விஷம் இல்ல மேடம். இதயம் ஓய்ஞ்சு நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கம். அது ஏறினா உடம்பு கொதிக்கும், எவ்வளவு தின்னாலும் இளைக்கும், இதயத்துக்கு ஓய்வே கிடையாது. ஓடி ஓடி ஒரு நாள் படுத்துரும்."

"அவங்க சுரப்பியே அதிகமா சுரந்திருக்கலாமே?"

"சுரந்திருந்தா வீங்கியிருக்கும். இது வேலை இல்லாம சுருங்கிக் கிடக்கு. ஹார்மோன் வெளியிலிருந்து போயிருக்கு."

மேலதிகாரிக்கு அது போதும். "மாத்திரை யார்கிட்ட இருக்கு? மருமககிட்ட. சாயங்காலத்துக்குள்ள உள்ள தள்ளுங்க."

"குழந்தை, சார்?"

"காப்பகம் எதுக்கு இருக்கு?"

பிற்பகல் 3.20. இறைச்சிக்கூடம். கணவருக்குப் பக்கத்து மேடையில் வெட்டுகிறவர் கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: "அண்ணன் ஆறு மாசமா கழுத்துக் கறித் துண்டுதான் எடுத்துட்டுப் போறாரு. கழிவுத் தொட்டிக்குப் போக வேண்டியது. வீணாத்தானே போகுதுன்னு நாங்களும் கண்டுக்கல."

துருவல் அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். டாக்டருக்கு மறுபடி போன் போட்டு இரண்டே கேள்வி கேட்டார். இரண்டாவதற்கு வந்த பதிலைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

மாலை 5.00. வீட்டுக் கூடத்தில் கணவரை உட்காரவைத்தார். மருமகள் கதவோரம் நின்றாள்.

"ஐயா, உங்க மருமக எதுவும் செய்யல. அவங்க மாத்திரையில கணக்குக்கு ஒண்ணுகூடக் குறையல. வேற வாங்கியிருக்கலாம்னு சொல்வீங்க. அப்ப நாய் ஏன் இளைச்சுது? அதுக்கு நீங்க பச்சையா எறிஞ்சீங்க. அவங்க கை படுறதுக்கு முன்னாடியே கோளாறு உங்க பையில இருந்திருக்கு."

"என் பையிலயா?"

"என்ன துண்டு அது?"

"மூச்சுக்குழாய் ஓரமா இருக்கும். அவளுக்குப் பல்லு போயிருச்சு மேடம். அது ஈரல் மாதிரி மெத்துனு இருக்கும், மெல்லவே வேணாம்."

"அது சதை இல்லைங்க. மாட்டோட தைராய்டு சுரப்பி. வேகவச்சாலும் அதோட வீரியம் போகாது. அதனாலதான் தொட்டியில போடச் சொல்றாங்க."

"போடணும்னுதான் சொன்னாங்க. ஏன்னு ஒருத்தனும் சொல்லல."

கணவர் தானாகவே தொடர்ந்தார்.

"இளைச்சுக்கிட்டே போறாளேன்னு போன மாசத்துலேருந்து ரெண்டு துண்டாக் குடுத்தேன். வேணாம் வேணாம்னா. நாந்தான் பக்கத்துல உக்காந்து ஊட்டிவிட்டேன்." பிறகு கேட்டார்: "எப்ப நிறுத்தியிருந்தா பொழைச்சிருப்பா?"

டாக்டரிடம் துருவல் கேட்ட இரண்டாவது கேள்வியும் அதுதான். போன மாதம் நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்பாள்.

"தெரியலைங்க" என்றார்.

அவர் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார். பொய் என்று புரிந்துபோயிற்று. மருமகள் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"என்னைக் கூட்டிட்டுப் போங்க மேடம்."

"கொலைன்னு கேஸ் போட முடியாதுங்க. நீங்க தெரிஞ்சு செய்யல."

"அப்ப நான் இந்த வீட்டுலயேவா இருக்கணும்?" என்று கேட்டார்.