முப்பத்திரண்டாம் நம்பரின் கூறைச் சேலை

தகரப் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் பிச்சையம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியில் இருந்தது ஒரு கிழிந்த ரவிக்கையும் இரண்டு கோணித் துண்டுகளும்தான். மருமகளின் கூறைச் சேலையைக் காணவில்லை.

"எங்கடி போச்சு?"

அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த நவமணி திரும்பவில்லை.

"எங் காதுத் தோட்டை வித்து உனக்கு எடுத்த சேலை... கூலிம் டவுன்ல இருக்கிற உங்கண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டியா? ஊரே கோணியைச் சுத்திக்கிட்டு நிக்கிறப்ப, அவன் பொண்டாட்டிக்குப் பட்டு கேக்குதோ?"

"அப்படியெல்லாம் இல்ல, அத்தை."

"அப்ப எங்க?"

"மூணு நாள் பொறுங்க."

இருளப்பன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். தட்டில் வைத்த கிழங்கைத் தொடாமல் எழுந்து போனான். மாமியார் பேசிய பேச்சைவிட அந்தத் தட்டுதான் நவமணிக்கு வலித்தது.

அவளால் சொல்லவும் முடியாது. வாத்தியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்க ஆளில்லை. அத்தாப்பு ஓலைக் கூரை சரிந்து விழுந்துவிட்டது. நவமணியின் மகள் வாசுகிக்கு எட்டு வயது. ஓர் எழுத்துத் தெரியாது. கூரைக்கும் சிலேட்டுக்கும் வழி தேடிய பரஞ்சோதி வாத்தியார், ஆளுக்கொரு பொருள் கேட்டு வாங்கி ஓர் ஏலம் வைத்தார். கூவாத ஏலம். கோயிலில் எலுமிச்சம்பழத்தை ஏலம் விட்டாலே மேல் வரிசை லய வீடுகளும் கீழ் வரிசை லய வீடுகளும் மண்டையை உடைத்துக்கொள்ளும். இப்போது கூச்சல் கேட்டால் பெரிய சாலையில் போகும் பட்டாள லாரி உள்ளே வந்துவிடும். பொருள் கொடுத்தவர் யாரென்று முடிவுவரை வெளியே தெரியக் கூடாது என்பதும் அவர் போட்ட விதி. முகம் பார்த்து யாரும் விலை வைக்கக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாயில் பொருள்களைப் பரப்பினார்கள். ஒரு சேவல், உப்பு மூட்டை, அரிவாள், நடுவில் சிவப்புச் சேலை. ஒவ்வொன்றின் முன்னும் ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணம் ஒன்று. வாழை மரம் போட்ட ஜப்பான் நோட்டை யாரும் மதிக்காத காலம்; விலையெல்லாம் கிழங்கில்தான். ஒரு ரப்பர் கொட்டை போட்டால் ஒரு கூடைக் கிழங்கு என்று கணக்கு. கொட்டைகளை வாழை இலையில் மடித்து, மேலே தன் நம்பரை நகத்தால் கீறி மங்கில் போட வேண்டும். எழுத்தறியாதவர்களுக்கும் தங்கள் பால் வாளியில் இருந்த நம்பர் தெரியும். புருஷன், பெண்டாட்டி, ஆத்தாள் எல்லாரும் வெட்டிய பால் ஒரே நம்பரில்தான் சேரும். இருளப்பன் வீட்டுக்கு முப்பத்திரண்டு.

சேலையைப் பார்த்ததும் பிச்சையம்மாள் நின்றுவிட்டாள். கிழவி வாய் திறக்கவே இல்லை.

"பிச்சையம்மாக்கா வாயக் கட்டுனதுக்கே ஒரு கூடை குடுக்கலாம் லா" என்று கூட்டத்தில் நின்ற வீரசாமி முணுமுணுத்தான்.

அந்த மங்கில் ஒவ்வொரு பொட்டலமாக விழுவதை நவமணி தூரத்தில் இருந்து பார்த்தாள். அதை எவள் கட்டப்போகிறாள்? கங்காணி மனைவியா? கூட்டம் மறைத்தது. யார் கை என்று தெரியவில்லை.

வாத்தியார் பிரித்தார். நான்கு கூடை. ஆறு கூடை. அடுத்த இலையைத் திருப்பினார்.

"முப்பத்திரண்டு. ஒம்பது கூடை."

நவமணி திடுக்கிட்டுக் கணவனைப் பார்த்தாள். இருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் கடைசி இலையைப் பிரித்துக் கண்ணைச் சுருக்கினார்.

"இதுவும் முப்பத்திரண்டுதான்... பன்னெண்டு கூடை."

"ஒரே கொல்லைக் கிழங்குக்கு ஆத்தாளும் மவனும் அடிச்சுக்கிறாங்கடா" என்றான் வீரசாமி. கூட்டம் சிரித்தது.

"நான் ஒருத்தி கேக்கிறப்ப நீ எதுக்குடா உள்ள பூந்த?"

"நீங்க போட்டது எனக்கு எப்படித் தெரியும் ஆத்தா? பேசக் கூடாதுன்னுட்டாங்களே."

பிச்சையம்மாள் சேலையை எடுத்துக்கொண்டு நவமணியிடம் வந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடி... மூணு நாளா என்னென்ன பேசிட்டேன்..."

"சொன்னா குடுக்க விட்டிருப்பீங்களா, அத்தை?"

கிழவி யோசித்தாள். "விட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

வாத்தியார் நோட்டைத் திறந்து, சேலை கொடுத்தவர் என்ற இடத்தில் முப்பத்திரண்டு என்று எழுதப் போனார். பிச்சையம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"நம்பரா குடுத்துச்சு? எம் மருமவ குடுத்தா, வாத்தியாரே. அவ பேரு நவமணி. அத எழுதுங்க."

அவர் எழுதினார். கிழவி மருமகளின் விரலைப் பிடித்து, ஈரம் காயாத அந்த எழுத்துக்கு அடியில் வைத்தாள்.

"இதாண்டி நீ. நம்பர விட நீளமாத்தான் இருக்க."

நவமணி குனிந்து பார்த்தாள். கண்ணீர் மறைத்தது. மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிவப்புச் சேலை இருவருக்கும் நடுவில் கசங்கியது.

"போதும், போதும்" என்றாள் பிச்சையம்மாள், தானும் அழுதுகொண்டே. "நாளைக்கு விடிஞ்சா பன்னெண்டு கூடை தோண்டணும்."