கதவு பூட்டியிருந்தது

நிலவில் எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது. ஊரை மூடியிருக்கும் கூரை எங்காவது விரிசல் விட்டுக் காற்று கசிந்தால், தெருவில் போகிறவர் பக்கத்து வீட்டுக்குள் ஓடி நுழைய வேண்டும். அதனால் பூட்டு வைப்பது குற்றம். குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ உள்ளே வந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது அங்கே சாதாரணம்.

அதனால்தான் பவளக்கொடி நீதிமன்ற அறிக்கைகளின் நகலை இரண்டாம் முறை படித்தாள். 'நேரில் சென்று பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. ஆள் இல்லை.' ஆறு அறிக்கைகளிலும் அதே வாசகம்.

அவள் அமைதிக்கடல் மாநிலத்தில் பனிக்கட்டி ஏற்றும் நிலவூர்தி ஓட்டுபவள். எல்லையில் மழைக்கடல் மாநிலத்து ஊர்தி ஒன்று அவள் ஊர்திமீது மோதியது. எழுந்த தூசியில் சாலைக் கேமராவில் எதுவும் பதியவில்லை. ஆனாலும் தவறு அவளுடையது என்று பதிந்துவிட்டது. உரிமம் போனது. உண்மை தெரிந்த இன்னொரு ஆள், மோதிய ஊர்தியை ஓட்டிய ஜெபமணிதான். வெளிமாநில ஓட்டுநருக்குச் சம்மனைக் கையில் கொடுத்தால்தான் அவள் போட்ட வழக்கு நடக்கும். தொண்ணூறு நாளுக்குள் கொடுக்காவிட்டால் வழக்கு மூடப்படும். பிறகு அவள் வண்டியையே தொட முடியாது.

இன்று தொண்ணூறாம் நாள்.

சம்மன் கொடுக்க வேண்டிய எந்திர அமீனா நீதிமன்ற வராந்தாவில் மின்னேற்றிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, பூட்டே இல்லாத ஊர்ல கதவு எப்படிப் பூட்டியிருக்கும்?"

"அப்படித்தாம்மா எழுதணும்."

"நீ போனியா, போகலியா?"

"எழுதினேன்."

"கெளம்பு என்கூட."

"ஏழாவது அறிக்கையும் தயாரா இருக்கும்மா. கதவு…"

பவளக்கொடி மின்வடத்தைப் பிடுங்கினாள்.

காந்த ரயிலில் மூன்று மணி நேரம். அமீனா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. "இதுதான் ரயிலாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டது.

ஜெபமணியின் வீட்டுக் கதவு தொட்டதும் திறந்துகொண்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்தார்.

"சம்மனா? கொடுங்க, கொடுங்க! மூணு மாசமா நான் வீட்டை விட்டு நகரலை!"

"ஒளிஞ்சிக்கிட்டு இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன், அண்ணே?"

"நான் ஏம்மா ஒளியணும்? என் வண்டியிலதான் பிரேக் பிடிக்கல. அதைச் சொல்ல எட்டு கடிதம் போட்டேன். சம்மன் வாங்காத ஆளோட கடிதம் செல்லாதுன்னு திருப்பிட்டாங்க. நேர்ல வரலாம்னா, கையில சம்மன் இல்லாம எல்லைய தாண்ட விடல. தங்கச்சி கல்யாணம் அந்தப் பக்கம் நடந்துச்சு, நான் இங்கேயே கெடந்தேன்."

கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். மூவருமாக ரயிலேறினார்கள்.

வழியில் பவளக்கொடி அமீனாவிடம் கேட்டாள். "ஒரு தடவையாவது போயிருக்கலாமே?"

"பூமியில மனுஷ அமீனாக்கள் எழுதின ரெண்டு லட்சம் அறிக்கையப் படிச்சுத்தான் நான் வேலை கத்துக்கிட்டேம்மா. அதுல ஒருத்தர் ஒரே நாள்ல நாப்பது ஊருக்குப் போயிருக்கார். நாப்பதுலயும் கதவு பூட்டியிருந்துச்சு. போறதுன்னா எழுதறதுதான்னு புரிஞ்சுக்கிட்டேன்."

ஜெபமணி சிரித்தார். பவளக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பார்த்தாள்.

நீதிமன்றம் மூடப் பத்து நிமிடம் இருந்தது. சரிபார்க்கும் எந்திரம், சம்மன் கொடுத்ததாக அமீனா எழுதிய அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிவப்பாக எரிந்தது.

"ஐயத்துக்குரியது. போன உடனே ஆள் கிடைத்ததாக முன்மாதிரி இல்லை."

"நான்தாங்க அந்த ஆளு," என்றார் ஜெபமணி.

"ஆறு அறிக்கைகளின்படி நீங்கள் இல்லை."

பவளக்கொடி அவர் கையைப் பிடித்து ரேகைத் தட்டின்மேல் அழுத்தினாள். "அப்ப இது யாரு? பாத்துச் சொல்லு. சொல்ற வரைக்கும் இந்தக் கைய எடுக்க விடமாட்டேன்."

எந்திரம் ரேகையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டது. பிறகு பச்சையாக மாறியது. 'வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று திரையில் வந்தது.

"ஒரு சந்தேகம்," என்றது எந்திரம், குரலைத் தாழ்த்தி. "ஆள் நேரிலேயே வந்துவிட்டால், அவரை எந்தக் கோப்பில் வைப்பது?"

"கோப்புல வைக்க வேணாம்," என்றாள் பவளக்கொடி. "மொதல்ல அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லு."